இதோக்காரரின் பத்து நிமிஷம்

வீடு மாற்றித்தரும் தொழில் செய்யும் இதோக்காரரின் புது பிக்கப் வண்டி ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து இருபதுக்கு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. அதே ஐந்து இருபதுக்கு அது இரண்டு தெரு தள்ளியிருக்கும் பெட்ரோல் பங்கிலும் நின்றுகொண்டிருந்தது. வாசலில் நின்றதைப் பார்த்தவர் எதிர்வீட்டுத் தையல்காரம்மா. பங்கில் நின்றதைப் பார்த்தவர் அந்த அம்மாவின் கணவர்; ஸ்கூட்டருக்குக் காற்றடிக்கப் போனவர். இதோக்காரர் பங்கில் சில்லறைக்காக நின்றதாகவும், தன்னைப் பார்த்துச் சிரித்ததாகவும் அவர் சொன்னார். இதோக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றி, இடது செருப்பில் ஒட்டிய தாரைக் குச்சியால் சுரண்டியதாக அம்மா சொன்னார். யார் பொய் சொல்கிறார்கள் என்று அந்த வீட்டில் இரண்டு நாள் சண்டை நடந்தது. மூன்றாம் நாள், இரண்டும் உண்மை என்று தெரு முடிவு செய்ததும் இருவரும் சமாதானமாகி, வேறு விஷயத்துக்குச் சண்டை போட ஆரம்பித்தார்கள்.

அவருக்கு அந்தப் பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். போனில் யார் கூப்பிட்டாலும் "இதோ வந்துட்டேன்" என்பார். சொல்லும்போது பெரும்பாலும் குளியலறையில் இருப்பார். பின்னணியில் வாளி நிரம்பும் சத்தம் கேட்கும். காலை எட்டுக்குச் சாமான் ஏற்ற வேண்டிய வீட்டுக்குப் பதினொன்றுக்குப் போவார். வீட்டைக் காலி செய்தவர்கள் மெத்தையை வாசலில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து காத்திருப்பார்கள். ஆள் நல்லவர், கண்ணாடிச் சாமானைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்குவார் என்பதால் யாரும் அவரை விட்டுவிடவில்லை. திட்டிக்கொண்டே அடுத்த வீட்டுக்கும் அவரையே கூப்பிட்டார்கள்.

அவர் மனைவி நேர் எதிர். தெருமுனை பேக்கரியில் பதினோரு வருஷமாக அடுப்பு அவள் பொறுப்பு. ரொட்டித் தட்டு உள்ளே போனால் இருபத்து மூன்றாவது நிமிஷம் வெளியே வர வேண்டும். இருபத்திரண்டில் எடுத்தால் நடுவில் ஈரம். இருபத்து நான்கில் எடுத்தால் அடியில் கறுப்பு. பதினோரு வருஷத்தில் ஒரு தட்டுகூட அவள் கையில் தீய்ந்ததில்லை. அப்படிப்பட்டவளுக்கு இப்படிப்பட்டவரைக் கட்டிவைத்தது யார் என்று தெருவில் பலரும் கேட்டதுண்டு. விசாரித்தால் யாரும் கட்டிவைக்கவில்லை, அவர்களே கட்டிக்கொண்டார்கள் என்று தெரிந்தது.

தாமதம் தீர இதோக்காரர் கண்டுபிடித்த மருந்து, உலகத்தில் தாமதமாக வருகிற எல்லோரும் கண்டுபிடிக்கிற மருந்துதான். கூடத்துக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தார். கைக்கடிகாரத்தையும் தள்ளி வைத்தார். மணி எட்டு என்று அது காட்டினால் "அட, ஏழு அம்பதுதானே" என்று மனசுக்குள் கழித்துக்கொண்டு இன்னொரு கால் மணி நேரம் உட்காருவார். சமையலறைக் கடிகாரத்தை மட்டும் மனைவி தொடவிடவில்லை. "பொய் சொல்ற கடிகாரம் அடுப்பு பக்கம் வரக் கூடாது" என்றாள். ஆக அந்த வீட்டில் வாசற்படியிலிருந்து சமையலறைக் கதவு வரை ஒரு நேரம், கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நேரம். விருந்தாளிகள் கை கழுவப் போனால் பத்து நிமிஷம் இளமையாகத் திரும்புகிறார்கள் என்று அவள் தம்பி கிண்டல் செய்வான்.

இந்தத் தம்பிதான் எல்லாவற்றுக்கும் காரணம். போன் திரை மாற்றும் கடை வைத்திருந்தான். மீசையில் நரை தட்டிய ஆள்தான், ஆனால் எதையாவது அமுக்கிப் பார்க்காமல் விரல் சும்மா இருக்காது.

பழைய வண்டியில் ஒரே ஒரு முள் இருந்தது. அதுவும் நாற்பதில் சிக்கிக்கொண்டு, வண்டி நின்றாலும் நாற்பது, ஓடினாலும் நாற்பது என்று காட்டியது. புது வண்டியில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் முள் கிடையாது. ஒரு முழ நீளத்துக்குத் திரை. அதில் பன்னிரண்டு கட்டம். எந்தக் கட்டத்தில் எது வேண்டும், என்ன நிறத்தில் வேண்டும், எண் பெரிதா சின்னதா, எல்லாம் நம் இஷ்டம் என்று ஷோரூம்காரர் சொன்னார். கூடவே தலையணை உயரத்துக்கு ஒரு புத்தகம் கொடுத்தார். அதன் முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், டயர் படத்துக்குக் கீழே, "திரையில் காணும் அளவுகளை வாகனம் பின்பற்றும்" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. மற்ற வண்டிகளில் வண்டியைப் பார்த்து எண் மாறும். இந்த வண்டியில் எண்ணைப் பார்த்து வண்டி மாறும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் வண்டி வாங்கியவர்களில் முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரை படித்தவர் இன்றுவரை யாருமில்லை. மைத்துனன் அந்தப் புத்தகத்தைக் கடை மேஜையின் ஆடும் காலுக்கு முட்டுக் கொடுத்தான். மேஜை ஆட்டம் நின்றது. புத்தகத்தால் கிடைத்த ஒரே பயன் அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமனும் மைத்துனனும் வண்டிக்குள் உட்கார்ந்து கட்டங்களை மாற்றினார்கள். முதலில் ஏறி ஆன் செய்தவன் மைத்துனன் என்பதால் வண்டி அவனை டிரைவர் ஒன்று என்று எழுதிக்கொண்டது. சொந்தக்காரரை அது கடைசிவரை "வணக்கம், டிரைவர் இரண்டு" என்றுதான் கூப்பிட்டது. வேகத்தை நடுவில் வைத்தார்கள். பெட்ரோலைப் பார்த்தால் வயிறு எரிகிறது என்று அதை ஓரத்துக்குத் தள்ளினார்கள். வெளி வெப்பம் நாற்பத்தொன்று என்று காட்டியது. அது இன்ஜின் சூட்டையும் சேர்த்துக் காட்டுகிறது, திருத்த வேண்டும் என்று மைத்துனன் அடம்பிடித்தான். திருத்துகிற பொத்தானில் விரலை வைத்தவன் சீக்கிரம் எடுக்கவில்லை. எண் இறங்கி இறங்கிப் பத்தொன்பதில் நின்றது. அந்த நிமிஷத்திலிருந்து வண்டியைச் சுற்றி ஒரு கை நீளத்துக்கு வெப்பம் பத்தொன்பது டிகிரி. கோடையில் தெரு முழுக்க அனல் பறக்கும்போதும் அங்கே மட்டும் பத்தொன்பது. தையல்காரம்மா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பின் டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பித்தான் தைத்தார். காய் நறுக்குகிறவர்கள் வந்தார்கள், பிள்ளை தூங்கவைக்கிறவர்கள் வந்தார்கள். யாருடையதென்று தெரியாத ஒரு செம்பட்டை நாய் வண்டிக்கு அடியில் நிரந்தரமாகக் குடிவந்தது. வண்டி வெளியே போனால் எல்லோரும் நாற்காலியோடு அவரவர் வீட்டுக்குத் திரும்பி, அது வரும்வரை இதோக்காரரைத் திட்டினார்கள்.

அடுத்த வாரம் சுமைக் கட்டம். பின்னால் இரும்பு அலமாரி ஏற்றியிருந்தபோது அதைப் பூஜ்யத்துக்கு வைத்துவிட்டான் மைத்துனன். தராசில் சாமானை வைத்துவிட்டுப் பூஜ்யம் அமுக்கும் தப்பை எந்தக் கடைக்காரரும் செய்யமாட்டார். இவன் செய்தான். அலமாரிக்கு எடை இல்லாமல் போய்விட்டது. அதை இறக்கிய வீட்டில் அது மெல்ல எழும்பிக் கூரையில் போய் முட்டிக்கொண்டது. அந்த வீட்டுக்காரர் சாந்தமான மனிதர். காலில் கயிறு கட்டி ஜன்னல் கம்பியில் முடிந்துவைத்தார். சட்டை வேண்டுமென்றால் கயிற்றை இழுப்பார், எடுத்தபின் விடுவார். கீழே பெருக்கச் சுலபமாக இருக்கிறது என்று அவர் மனைவி சொன்னாள்.

கடைசியாகக் கடிகாரம். அதை மைத்துனன் தொடவில்லை. இதோக்காரரே தன் கையால் செய்தார். புது இடத்துக்குப் போனால் சாமி படம் மாட்டுவதுபோல அவருக்கு அது ஒரு கை வழக்கம். பத்து நிமிஷம் முன்னால் தள்ளினார். திரை ஒருமுறை மங்கி, "உறுதியா?" என்று கேட்டது. "ஆம்" என்றார். வண்டி அதை நம்பிவிட்டது.

முதல் மாதம் தெருவுக்கே பெருமை. புது வண்டி ஓட்டும் ஆசையில் நேரத்தோடு கிளம்பிவிடும் இதோக்காரர், எட்டு மணிக்கு வருகிறேன் என்றால் ஏழு ஐம்பதுக்கு வாசலில் நின்றார். காத்திருந்து பழகியவர்கள் கையில் பல்விளக்கும் பிரஷ்ஷோடு கதவைத் திறந்து திடுக்கிட்டார்கள். கிட்டத்து ஊருக்குப் போகிற நாளில் கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தார். அப்படிப்பட்ட நேரங்களில் சில நிமிஷம் அவர் இரண்டு இடத்திலும் இருந்தார். இரண்டு இடத்திலும் அதே பேச்சு, அதே சிரிப்பு. வண்டியை விட்டு இறங்கியதும் எல்லோரையும்போல ஆகிவிடுவார். ஆனால் ஆறாவது வாரம், வண்டியை விட்டு அவர் இறங்கியும் அந்தப் பத்து நிமிஷம் அவரை விட்டு இறங்கவில்லை. வீட்டுக்குள்ளும் பத்து நிமிஷம் முன்னாலேயே இருக்க ஆரம்பித்தார்.

இதைத் தெரு உடனே கவனித்தது. தெருவுக்கு வேறென்ன வேலை. பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று சிரிப்பார். பத்து நிமிஷம் கழித்து யாராவது ஒரு ஜோக் சொல்வார்கள். வெயிலில் குடையை விரிப்பார். சரியாகப் பத்து நிமிஷத்தில் துணி எடுக்க எல்லோரும் மாடிக்கு ஓடுவார்கள். இதனால் அவர் குடைக்கு ஒரு மரியாதை ஏற்பட்டது. ஆனால் வீட்டுக்குள் நடந்தது வேறு.

சாப்பாட்டு மேஜையில் அவர் வந்து உட்கார்ந்து காலித் தட்டில் கையை வைத்துச் சாப்பிடுவார். "சரியாத்தான் இருக்கு" என்பார். எழுந்து கை கழுவிக்கொண்டு போய்விடுவார். பத்து நிமிஷம் கழித்து அவள் பரிமாறுவாள். எதிரில் காலி நாற்காலி. தட்டில் வைத்தது ஒவ்வொரு பிடியாகத் தானே குறையும். குறைவதைப் பார்த்துக்கொண்டு அவள், "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்பாள். பதில் ஏற்கெனவே வந்துவிட்டது. இருந்தாலும் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் அந்தப் பதிலுக்கு அர்த்தமில்லாமல் போய்விடும்.

சண்டைகூட ஒழுங்காகப் போட முடியவில்லை. ஒரு நாள் காலையில் அவர் வந்து, "தப்புதான், மன்னிச்சிடு" என்றார். என்ன தப்பு என்று தெரியாமல் அவள் வீடு முழுக்கத் தேடினாள். மெத்தைக்கடியில் பார்த்தாள், அவர் சட்டைப்பைகளில் பார்த்தாள். ஒன்பதாவது நிமிஷம், அடுப்பு வேலைக்கென்று வைத்திருந்த அவளுடைய தடித்த கையுறையால் அவர் இன்ஜினைத் துடைத்திருந்தது தெரியவந்தது. திட்டத் திரும்பினாள். அவர் திட்டு வாங்கி முடித்து, முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டிருந்தார்.

"அவர் லேட்டா வந்த காலத்துல நான் காத்துட்டு இருந்தேன்க்கா. காத்திருந்தா ஆள் வரும்ல? இப்ப காத்திருந்தா யாரு வருவா? ஆள் வந்துட்டுப் போயாச்சு" என்று தையல்காரம்மாவிடம் ஒருமுறை சொன்னாள். தையல்காரம்மா அதை வேறு யாரிடமும் சொல்லவில்லை என்று பன்னிரண்டு பேரிடம் சொன்னார்.

அடுப்பு சம்பவம் நடந்தது அதற்கு அடுத்த வாரம். அன்று மூன்று மணிக்கு இதோக்காரர் பேக்கரியின் பின்வாசலில் தீப்புண் மருந்தும் பஞ்சுமாக மூச்சிரைக்க வந்து நின்றார். அவள் அடுப்பிலிருந்து தட்டை இழுத்துக்கொண்டிருந்தாள். கையில் மருந்தோடு புருஷன் நிற்பதைக் கண்டு பதறித் திரும்பினாள்; திரும்பியதில் முழங்கைக்குக் கீழே தட்டின் விளிம்பு பட்டது. உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்தது. மருந்து தயாராக இருந்தது. மருந்து வந்திராவிட்டால் காயமும் வந்திராது என்பதைப் பேக்கரி முதலாளி உட்பட எல்லோரும் உடனே கணக்குப் போட்டுவிட்டார்கள். இதோக்காரருக்குப் பத்து நிமிஷம் முன்பே தெரிந்திருந்தது காயம் மட்டும்தான், காரணம் தெரிந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் கூடத்திலிருந்து, "சரிம்மா. மாத்திடறேன். நீ போகாதே" என்றார். அதிலிருந்தே தான் என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கட்டு முடித்து, முகத்தைத் துடைத்து, கூடத்துக்கு வந்து, காலி நாற்காலிக்கு எதிரில் நின்று முழுசாகச் சொன்னாள்:

"ஏங்க, எனக்கு முன்னாடி போற புருஷன் வேணாம். மூணு மணி நேரம் லேட்டா வாங்க, பரவாயில்ல. ஆனா வந்தா என் நிமிஷத்துல வந்து உக்காருங்க. நான் கேட்டப்புறம் பதில் சொல்லுங்க. முடியலைன்னா சொல்லிடுங்க, நான் தம்பி வீட்டுக்குப் போறேன். இப்படியே இருந்தா ஒருநாள் நான் சாகறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி நீங்க அழுது முடிச்சிட்டு வெளிய போயிடுவீங்க."

சொல்லி முடித்தபோது வாசலில் வண்டி கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் மைத்துனனைக் கூட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

சர்வீஸ் சென்டர் இன்ஜினியர் கம்ப்யூட்டரை வண்டியில் மாட்டிப் பார்த்து, எல்லாம் நார்மல் என்றார். வண்டி திரையைப் பின்பற்றுகிறது, அதுதான் அதன் வேலை, புத்தகத்தில் போட்டிருக்கிறதே என்றார். கடிகாரத்தைப் பின்னால் தள்ளினால் போதுமா என்று மைத்துனன் கேட்டான்.

"தள்ளலாம். ஆனா முன்னாடி எடுத்த நிமிஷத்தைத் திருப்பிக் கொடுக்கணும் இல்லையா? அவ்வளவு நேரமும் வண்டி இங்க இருக்காது. வேற எங்கயாவது இருந்து கழிச்சிட்டு வரும்."

"எங்கங்க?"

"அது புத்தகத்துல இல்ல."

"உள்ள உக்காந்திருக்கிற ஆளு?"

"வண்டிக்கு மூணு வருஷம் வாரன்ட்டி இருக்கு" என்றார் இன்ஜினியர்.

மறுநாள் பேக்கரியின் பின்முற்றத்தில் சோதித்துப் பார்த்தார்கள். மைத்துனன் தன் தலையிலிருந்த பச்சைத் தொப்பியைக் கழற்றி ஓட்டுநர் இருக்கையில் வைத்தான். ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கடிகாரத்தை ஒரே ஒரு நிமிஷம் பின்னால் தள்ளிக் கையை எடுத்துக்கொண்டான். வண்டி இல்லாமல் போனது. ஒரு நிமிஷம் கழித்து அதே இடத்தில் இருந்தது. கண்ணாடியில் தூசுகூட மாறவில்லை. இருக்கையில் தொப்பி மட்டும் இல்லை. இருக்கைக்கு அடியிலும் இல்லை, டாஷ்போர்டு பெட்டியிலும் இல்லை. மைத்துனன் கடிகாரத்தை மறுபடி முன்னால் தள்ளி வைத்தான். வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு, "மாமா, வேணாம் மாமா. அக்கா கோவம் ஒரு மாசத்துல ஆறிடும்" என்றான்.

அவன் சொல்லி முடிக்கும்போது இதோக்காரர் அங்கே இல்லை. பத்து நிமிஷம் முன்பு, யாரும் எதுவும் கேட்காதபோது, அவர் முற்றத்துச் சுவரைப் பார்த்து, "ஆறாதுடா மச்சான். ஆறவும் கூடாது" என்று சொன்னதை எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

கோவத்தை ஆறவிடலாமா என்றுதான் அக்காவும் யோசித்தாள் என்று தெரிகிறது. தொப்பி போன செய்தி தெரிந்ததிலிருந்து, வேண்டாம் விடுங்க என்ற சொல் அவள் நாக்குநுனி வரை வந்து வந்து திரும்பியது. மூன்றாம் நாள் மத்தியானம் வழக்கம்போல் பரிமாறினாள். தட்டில் வைத்தது குறையவில்லை. பத்து நிமிஷம் முன்பு அவர் சாப்பிடாமலே எழுந்துபோயிருக்கிறார் என்று புரிந்தது. தட்டை மூடிவைத்துவிட்டுப் பேக்கரிக்கு நடந்தாள். முற்றத்தில் வண்டி நின்றது, அதற்குள் அவர் உட்கார்ந்திருந்தார்.

தெருவும் வந்துவிட்டது. எல்லோரும் தற்செயலாக ரொட்டி வாங்க வந்ததுபோல ஆளுக்கொரு பையோடு சுவரோரம் நின்றார்கள். தையல்காரம்மா பை கொண்டுவர மறந்து, தலையணை உறையைக் கொண்டுவந்திருந்தார். பத்து நிமிஷம் முன்னால் இருக்கிற ஆளாயிற்றே, என்ன நடக்கும் என்று அவர் முகத்திலேயே தெரியுமே என்று எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் யாரும் கேட்காமலே சொன்னார்: "எனக்கும் தெரியல. அங்க பாத்தா நான் இல்ல. அவ மட்டும் நிக்கறா."

அவள் உள்ளே போனாள். பிசைந்து உருட்டிவைத்திருந்த ரொட்டித் தட்டு ஒன்றை அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். வெளியே வந்து வண்டியின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு பதினான்கு.

"தட்டு உள்ள போயிருக்கு. இருபத்து மூணு நிமிஷம். உங்களுக்குப் பத்து போதும், மிச்சம் பதிமூணு நான் சும்மா தர்றேன். நான் தட்டை எடுக்கும்போது நீங்க இங்க இருக்கணும். கேட்டுச்சா?"

பதில் வரவில்லை. அவர் எப்போதோ தலையாட்டியிருக்க வேண்டும். கடிகாரக் கட்டத்தைத் தொட்டு, பத்து முறை அமுக்கினார். திரை மங்கி, "உறுதியா?" என்றது. அவர் அவளைப் பார்த்து, ஆயிரம் பேரிடம் ஆயிரம் முறை சொன்னதைச் சொன்னார்:

"இதோ வந்துட்டேன்."

வண்டி நின்ற இடம் காலியானது. குளிர் மட்டும் நீள்சதுரமாகக் கொஞ்ச நேரம் அங்கே நின்றது. பிறகு நான்கு பக்கமும் நின்ற வெயில் உள்ளே வந்தது. செம்பட்டை நாய் எழுந்து, மூச்சிரைத்துக்கொண்டு, சுவர் நிழலுக்குப் போனது.

பத்து நிமிஷம் ஆனது. வரவில்லை. "வந்துடுவார், அவர் எப்ப சொன்ன நேரத்துக்கு வந்திருக்கார்" என்று யாரோ சொன்னதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. பதினைந்து ஆனது. மைத்துனன் புத்தகத்தை மேஜைக்காலிலிருந்து உருவிக்கொண்டு வந்து பக்கம் பக்கமாகப் புரட்டினான். இருபது ஆனது. அவளுக்கு ஐந்தடி பின்னால் அடுப்பு. அடுப்புக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கதவு. உள்ளே போய், துணியால் பிடித்துத் தட்டை இழுத்து, அடுக்கில் வைத்துத் திரும்ப அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷம் முற்றத்தில் அவள் இருக்கமாட்டாள். அவர் பார்த்த இடத்தில் அவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாளே, அது எத்தனையாவது நிமிஷம் என்று அவர் சொல்லவில்லை. அவள் விட்டுவிட்டுப் போன நேரமாகப் பார்த்து வந்து, ஆளைக் காணோம் என்று அவர் போய்விட்டால்?

இருபத்து மூன்று ஆனது. பதினோரு வருஷமாக அந்த நிமிஷத்தில் தானாக நகர்ந்த கால் அன்று நகரவில்லை. முதலாளி கதவருகே வந்து, "அடுப்பும்மா, அடுப்பு!" என்றார். அவள் திரும்பவில்லை. முதலாளி தானே எடுக்கப் போனார். கையுறை இன்ஜின் எண்ணெயோடு வீட்டில் கிடந்தது, பிடிக்க ஒரு துணியைத் தேட ஆரம்பித்தார். இருபத்து நான்கு. முதலில் வாசனை வந்தது, நல்ல வாசனைதான். இருபத்தைந்தில் அது கருகலாக மாறியது. இருபத்தாறில் கதவிடுக்கு வழியாகப் புகை வந்து முற்றத்தில் நின்றவர்கள் இருமினார்கள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது; புகைக்காகத்தான் என்று தையல்காரம்மாவே ஒத்துக்கொண்டார்.

இருபத்தேழாவது நிமிஷம் நாய் எழுந்தது. சோம்பல் முறித்தது. நிழலை விட்டுவிட்டு, கொளுத்தும் வெயிலில் முற்றத்து நடுவுக்கு நடந்துபோய், ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக் கண்ணை மூடியது. எல்லோரும் நாயைப் பார்த்தார்கள். அவள் இரண்டடி எடுத்துவைத்துக் கையை நீட்டினாள். கட்டுப் போட்ட கையில் குளிர் பட்டது.

நாய்க்கு மேலே வண்டி இருந்தது. வண்டிக்குள் அவர் இருந்தார். அவர் தலையில் மைத்துனனின் பச்சைத் தொப்பி இருந்தது.

அவர் இறங்கினார். அவள் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, "எங்க போனீங்க?" என்றாள். அவர் விழித்தார். கேள்வி கேட்டு ஒன்று, இரண்டு, மூன்று வினாடி ஆன பிறகு, அவள் கண்ணெதிரில், அவர் பதில் சொன்னார்:

"வழியில ஒரே நெரிசல்ம்மா."

முன்பெல்லாம் இந்தப் பொய்யைச் சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்தமுறை அது பொய்யில்லை. அவர் போயிருந்த இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டிகள், கட்டில் மேல் உட்கார்ந்தவர்கள், கையில் கடிகாரத்தோடு நிற்கிறவர்கள். நேரத்தைத் தள்ளி வைத்த எல்லோரும் அங்கேதான் வரிசையில் நிற்கிறார்கள் என்றும், இவருக்கு முன்னால் இருந்த ஆள் இருபது வருஷமாகக் கால் மணி நேரம் தள்ளி வைத்தவர் என்பதால் நகரவே இல்லை என்றும் சொன்னார். தொப்பி ஓரமாகக் கிடந்ததாம். வெயில் அடித்ததால் எடுத்து மாட்டிக்கொண்டாராம். பிறகு மூக்கை உறிஞ்சி, "என்ன தீயுது?" என்று கேட்டார்.

"ரொட்டி" என்றாள் அவள். அதைச் சொல்லும்போது சிரித்தாள்.

அன்று இருபத்தெட்டு ரொட்டி கரியானது. முதலாளி கத்திவிட்டு, பிறகு அடிப்பக்கத்தைச் சுரண்டி ஆளுக்கொன்று கொடுத்தார். தெருக்காரர்கள் கொண்டுவந்த பைகளுக்கு அதனால் ஒரு நியாயம் கிடைத்தது. அன்று சாயங்காலம் பல வீடுகளில் நாற்காலி போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தை எடுத்துச் சரிசெய்தார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. வண்டியில் கடிகாரம் இருந்த கட்டத்தை நீக்கிவிட்டு டயர் காற்றின் அளவை வைத்தார்கள். அதையும் திருத்தலாமே என்று நீண்ட மைத்துனன் விரலில் அக்கா ஒரு அடி போட்டாள்.

இதோக்காரர் மறுபடி எட்டு மணிக்கு வருகிறேன் என்று பதினொன்றுக்குப் போகிறார். வாசலில் மெத்தை போட்டுக் காத்திருக்கிறவர்கள் பழையபடி திட்டுகிறார்கள். எடையற்ற அலமாரிக்கு இந்த வருஷம் புதுக் கயிறு கட்டினார்கள். வீட்டில் அவள் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்து, "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்கிறாள். அவர் மென்று, விழுங்கி, யோசித்து, "கொஞ்சம் கம்மி" என்கிறார். அவள் எழுந்துபோய் உப்பு எடுத்து வருகிறாள். வெளியே வண்டிக்கு அடியில் நாய் தூங்குகிறது. அங்கே பத்தொன்பது டிகிரி.